தொழிற்சாலையில் கழுவிய வைரத்தோடு

என் மனைவி வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சின்ன வயதில் ஒரு வெள்ளிக் கொலுசைக் கிணற்றில் போட்டவர். இளையவள் எதையும் எங்கேயும் போட்டதில்லை. இந்த ஒரே தகுதியை வைத்து, என் மாமியார் நாற்பது வருஷம் காதில் போட்டிருந்த ஒற்றைக்கல் வைரத்தோட்டை இளையவளுக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. எங்கள் கல்யாணத்தில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இவ பொருளைத் தொலைக்க மாட்டா" என்று ஒரு வாக்கியமும் சொன்னார்.

அந்த வாக்கியத்தை அண்ணி, அதாவது என் மனைவியின் அக்கா, இன்றுவரை மறக்கவில்லை. என் மனைவியும் மறக்கவில்லை. ஒருவருக்கு அது முள், இன்னொருவருக்கு அது பதக்கம். கிணற்றில் விழுந்த கொலுசு மட்டும் எதுவும் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறது.

நான் அப்போது ஓசூர் தொழிற்பேட்டையில், டீசல் இன்ஜினுக்கு எண்ணெய் பீய்ச்சும் சின்னச் சின்னக் குழல்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் பாடுபட்டுச் செய்ததை எடுத்து, அளந்து பார்த்து, "இது ஆகாது" என்று சொல்வதற்கு எனக்கு மாதச் சம்பளம். தேறிய உருப்படிக்குப் பச்சை அட்டை கட்டுவோம், தேறாததற்குச் சிவப்பு. பதினைந்து வருஷம் இந்த வேலையைப் பார்த்தவனுக்கு உலகமே இரண்டு அட்டையாகத் தெரியும். தன் மேல் எந்த அட்டை தொங்குகிறது என்பது மட்டும் தெரியாது.

வைரம் என்பது எண்ணெயைக் கண்டால் விடாது. தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், முகத்துக்குப் பூசும் பவுடர் எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்தில் கல் மங்கிவிடும். என் மனைவி மாதம் ஒரு முறை பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரையில் தோட்டைப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்ப்பாள். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தொழில்முறையில் ஒரு வருத்தம் உண்டாகும். ஏனென்றால் எங்கள் தொழிற்சாலையில் அல்ட்ராசோனிக் என்று ஒரு தொட்டி வந்திருந்தது. கிரைண்டர் அளவுக்கு ஒரு எவர்சில்வர் தொட்டி. அதில் திரவத்தை ஊற்றிச் சாமானைப் போட்டால், காதுக்குக் கேட்காத சத்தத்தால் அதிரவைத்தே, தலைமுடி நுழையாத துளைக்குள் இருக்கும் அழுக்கைக்கூட வெளியே கொண்டுவந்துவிடும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் காலையில், தோட்டை என்னிடம் கொடு என்றேன்.

"பூந்திக்கொட்டையில என்னங்க குறைச்சல்?" என்றாள் மனைவி.

"அதுல மேல் அழுக்குதான் போகும். உள் அழுக்கு போகாது."

"வைரத்துக்கு உள்ள அழுக்கு எப்படிங்க போவும்?"

நல்ல கேள்வி. பதில் தெரியாததால், படித்தவன் சிரிக்கும் ஒரு சிரிப்பைச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு மட்டும் அன்றே ஒரு சிவப்பு அட்டை கட்டியிருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது.

சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் தோட்டை வைத்து எடுத்துப் போனேன். கம்பிக்கூடையில் வைத்துத் தொட்டிக்குள் இறக்கினேன். ஐந்து நிமிஷம் போதும். வெளியே எடுத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதை அப்படியே விடும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால் மறுபடி இறக்கிப் பத்து நிமிஷம் வைத்தேன். இந்த முறை எடுத்தபோது ஒரு கல் பளீரென்று மின்னியது. இன்னொன்று அதைவிடத் தெளிவாக இருந்தது. அப்படி ஒரு தெளிவை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. கல்லே இல்லாதது போல இருந்தது. எங்கள் இயந்திரத்தின் பெருமையை நினைத்துக்கொண்டே எண்ணெய்த்தாளில் மடித்து, விளையாட்டுக்காக ஒரு பச்சை அட்டையும் கட்டி எடுத்து வந்தேன்.

சாயங்காலம் மனைவி தாளைப் பிரித்தாள். பச்சை அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். தோட்டைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, மிகத் தெளிவாக இருந்த தோட்டின் பின்பக்கம் நுழைத்தாள். குச்சி முன்பக்கம் வந்தது.

"ஏங்க, கல்லு எங்க?"

மூன்று மைக்ரான் வித்தியாசத்துக்கு ஒரு லாரி சரக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். வைரத்தின் இடத்தில் காற்று இருந்ததை அளந்து, பார்த்து, தேறியது என்று அட்டை கட்டியிருக்கிறேன். ஐம்பது வருஷத்தில் கல்லைப் பிடித்திருந்த தங்க நகங்கள் தேய்ந்து போயிருந்தன. பூந்திக்கொட்டை அதை அறிந்து மரியாதையாக நடந்துகொண்டது. அல்ட்ராசோனிக்குக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். ஷிப்ட் மாறும்போது தொட்டியைக் காலி செய்து புதுத் திரவம் ஊற்றுவது வழக்கம். ஊற்றிவிட்டிருந்தார்கள். பழைய திரவம் கழிவுத் தொட்டிக்குப் போயிருந்தது. கழுவும் பிரிவில் இருந்தவர் பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக்காரர். நான் கழிவுத் தொட்டி ஓரம் முழங்காலிட்டிருப்பதைப் பார்த்து, என்ன தொலைந்தது என்று கேட்டபடி ஓடிவந்தார்.

"ஏமி சார், ஏமி போயிந்தி?"

வைரம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு சேம்பிள் விழுந்திருச்சு" என்றேன்.

"டிராயிங் நம்பர் சொல்லுங்க சார், வேற எடுத்துத் தர்றேன்."

அதற்கு டிராயிங் கிடையாது என்றேன். டிராயிங் இல்லாத பார்ட்டா என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக ஒரு சந்தேகம் இருந்தது. கேன்டீனிலிருந்து டீ வடிகட்டியை வாங்கிவந்து இரண்டு பேரும் சேற்றை அரித்தோம். பித்தளைத் துருவல் கிடைத்தது. மூக்குக்கண்ணாடித் திருகு ஒன்று கிடைத்தது. ஒரு சட்டைப் பொத்தானும் கிடைத்தது. பொத்தானுக்குச் சொந்தக்காரர் பத்து நிமிஷத்தில் வந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். வைரம் மட்டும் தென்பெண்ணை ஆற்றை நோக்கிப் போய்விட்டது. இன்று கெலவரப்பள்ளி அணையில் ஏதாவது ஒரு மீன் செல்வச் செழிப்போடு இருக்கிறதென்றால் அதற்கு நான்தான் காரணம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி திட்டவில்லை. அந்த ஈர்க்குச்சியைத் துடைப்பத்திலேயே திரும்பச் செருகினாள்.

"தை மாசம் அக்கா புது வூட்டுக்குப் பால் காய்ச்சறாங்க. அம்மா வருவாங்க. வந்தா மொதல்ல என் காதைத்தான் பாப்பாங்க."

"நான்தான் தொலைச்சேன்னு நானே சொல்லிடறேன்."

"சொன்னா அக்கா நம்புமா? பொண்டாட்டி தொலைச்சதுக்குப் புருசன் பழிய ஏத்துக்கிட்டாருன்னு சொல்லும். எனக்குப் பேரு போறதும் இல்லாம உங்களுக்கு நல்ல பேரு வேற வந்துரும்."

அவள் கவலை வைரம் அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கல்யாண வீட்டில் அவள் அம்மா கட்டிவிட்ட பச்சை அட்டையை நான் அறுத்துவிட்டிருந்தேன். தை மாசத்துக்குள் அதை ஒட்டியாக வேண்டும். கையில் மூன்று மாதம் இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பாய் கல் வியாபாரமாக ஓசூருக்கு வந்துபோவார். பெங்களூர்ப் பேட்டைகளிலும் சேலத்திலும் அவருக்குப் பழக்கம். கையில் தோல்பை வைத்திருப்பார், ஆனால் அதில் வெற்றிலை மட்டும்தான் இருக்கும். வைரம் சட்டைக்கு உள்பாக்கெட்டில், மடித்த வெள்ளைத்தாளில், பல்வலி மாத்திரை போல இருக்கும். அவரை வரவழைத்தோம். மிஞ்சிய தோட்டை வாங்கி, ஜன்னல் பக்கம் போய், லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பெல்ஜியத்துல பட்டை போட்ட பழைய கல்லு சார். மெஷின் வர்றதுக்கு முன்னாடி, கண்ணால பாத்துக் கையால போட்டது. இந்த மாதிரி நான் பாத்தே ரொம்ப நாளாச்சு."

"இதுக்கு ஜோடி வேணும் பாய்."

"ஜோடியைத் தொலைச்சிட்டு ஜோடி கேக்குறீங்க" என்று சிரித்தார். "சரி, மொதல்ல வித்தியாசத்தைப் பாருங்க."

வெள்ளைத்தாளில் எங்கள் கல்லையும், இந்தக் காலத்துப் புதுக் கல் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதுவரை வைரம் என்றால் வைரம் என்றுதான் நினைத்திருந்தேன். புதுக் கல் மத்தாப்பு மாதிரி பொடிப்பொடியாகச் சிதறியது. எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் கல்லில் பட்டைகள் பெரிது. அசைத்தால் ஒரு பட்டை விழிக்கும், இன்னொரு பட்டை தூங்கும். அவ்வப்போது ஒரு சிவப்பு, ஒரு நீலம், சாவகாசமாக. மேலே இருக்கும் தட்டையான முகப்பு சிறியது, அதைத் தாங்கும் தலைப்பகுதி உயரம். முக்கியமானது அடிநுனி. புதுக் கல்லுக்கு அடி ஊசியாக முடியும். பழையதில் அந்த நுனியை லேசாக மழுக்கி விட்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் கல்லின் நடுவாக்கில் சிறு வட்டமாக ஒரு பொட்டுத் தெரியும்.

"புதுக் கல்லு வேண்டாங்க" என்றாள் மனைவி உடனே. "அம்மா வாசல்லயே கண்டுபிடிச்சிருவாங்க."

"அதுக்கும் வழி இருக்குதும்மா. பழைய மாடல்லயே இப்பப் புதுசா பட்டை போடுறாங்க. சூரத்துல பண்றாங்க. கல்லு புதுசு, வெட்டு பழசு."

ஓசூரில் பழையதைப் புதிதென்று விற்பவர்கள் ஏராளம். ஓடித் தேய்ந்த கியர்பாக்ஸுக்குப் பெயின்ட் அடித்துத் தருவார்கள். புதியதைப் பழையது போலச் செய்து, ஆனால் புதியது என்று சொல்லியே விற்கும் ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். அந்த நேர்மை எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பாய் அடுத்த வாரமே அப்படிப்பட்ட இரண்டு கல் கொண்டுவந்தார். வைரம் வாங்குவதில் எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பிடித்தவுடன் வாங்கிவிட மாட்டார்கள். மூன்று நாள் கல்லை வீட்டில் வைத்து ராசி பார்ப்பார்கள். நல்லது நடந்தால் வாங்கலாம், கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுக்கலாம். வியாபாரியும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். என் மனைவி ஒவ்வொரு கல்லையும் மூன்று நாள் சாமி அலமாரியில் வைப்பது, நான் ஒவ்வொரு கல்லையும் ஒரு மதியம் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அளப்பது என்று ஒப்பந்தம். மறுபடி தொழிற்சாலையா என்று அவள் கேட்டாள். இந்த முறை தண்ணீர் பக்கமே போகமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு கருவி இருந்தது. சாமானை விளக்குக்கு முன்னால் வைத்தால், அதன் நிழலை இருபது மடங்கு பெரிதாக்கி ஒரு கண்ணாடித் திரையில் காட்டும். சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது, தோட்டிலிருந்து கழற்றிய எங்கள் பழைய கல்லைக் களிமண்ணில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். திரையில் தலைகீழாக ஒரு மலை தெரிந்தது. ஒரு பக்கம் செங்குத்து, மறு பக்கம் சோம்பேறித்தனமான சரிவு. நுனி நடுவில் இல்லை, ஒருபுறமாக ஒதுங்கியிருந்தது. எங்கள் பார்ட்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு அட்டை கட்டியிருப்பேன். இப்படிப்பட்ட உருப்படியைத்தான் ஐம்பது வருஷம் ஊரே அழகு என்று சொல்லியிருக்கிறது.

புதிதாகச் செய்த பழைய கல் முதலாவது, பொங்கல் போட்டோவுக்காக வேட்டி கட்டிய மேலதிகாரி மாதிரி இருந்தது. எல்லாம் சரி, ஆனால் பழக்கம் இல்லை என்று தெரிந்தது. பொட்டு குண்டூசி முனை அளவு, தலை தாழ்வு. இரண்டாவது நேர்மாறு, நாடகத்தில் வேஷம் போட்டவன் போல. குழந்தைக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டு அளவுக்கு நடுவில் ஒரு வட்டம்.

வீட்டில் ராசிப் பரீட்சை தனியாக நடந்தது. முதல் கல் இருந்த மூன்று நாளில் பால் திரிந்தது, ஸ்கூட்டரின் கிளட்ச் ஒயர் அறுந்தது, தண்ணீர் வண்டி வரவில்லை. தண்ணீர் வண்டி அதற்கு முந்தின வாரமும் வரவில்லை என்று எடுத்துச் சொன்னேன். "அப்பவே இந்தக் கல்லு கிளம்பியிருக்கும்" என்றாள்.

இரண்டாவது கல் வந்த மறுநாள் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கிச் சாலையை மறித்தன. அன்று அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த நான் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அரை நாள் சம்பளம் போயிற்று.

"யானை குறுக்க வந்தா நல்லதுங்க. பிள்ளையாரு."

"அரை நாள் சம்பளம் போச்சு."

"பிள்ளையாருக்குன்னு நெனச்சிக்கோங்க."

"அப்ப இந்தக் கல் ராசியானதா?"

யோசித்தாள். "யானை ராசிதான். ஆனா ஒரு யானை வந்தாப் போதாதா? பதினெட்டு எதுக்கு வந்துச்சு?"

இரண்டு கல்லும் திரும்பிப் போயின. என் கருவியும் அவள் சாமி அலமாரியும் ஒரே தீர்ப்புச் சொன்ன அபூர்வ நிகழ்ச்சி அது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கிடைப்பதில் தேடுவானேன், நமக்கு வேண்டியதைச் செய்யச் சொன்னால் என்ன? மிஞ்சிய கல்லின் நிழலைத் திரையில் டிரேசிங் தாள் வைத்து வரைந்தேன். நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி வரைந்தேன். ஒவ்வொரு சரிவுக்கும் கோணம், ஒவ்வொரு பட்டைக்கும் அளவு, ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எழுதினேன். உலகத்தில் டீசல் இன்ஜின் பார்ட்டுக்குப் போடும் வரைபடம் வைரத்துக்குப் போடப்பட்டது அதுவே முதல் முறையாக இருக்கும். கழுவும் பிரிவுக்காரர் கேட்ட டிராயிங் கடைசியில் வந்துவிட்டது. எங்கள் வரைபடங்களின் மூலையில் ஒரு கட்டம் உண்டு: இந்த உருப்படிக்கு ஜோடி உண்டென்றால், ஜோடி இதே போன்றதா, மாறுபட்டதா என்று குறிப்பதற்கு. யோசிக்காமல் "இதே போல்" என்று எழுதினேன்.

பாய் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார்.

"சார், அடிநுனி கோணலா வரைஞ்சிருக்கீங்களே. அதையுமா செய்யச் சொல்லணும்?"

"அதையும்தான். ஜோடின்னா ஜோடியா இருக்க வேண்டாமா?"

"கோணலை நேராக்கித் தரச் சொல்லித்தான் கேப்பாங்க. நேரைக் கோணலாக்கச் சொல்லி நீங்கதான் சார் கேக்குறீங்க."

தாள் சூரத்துக்குப் போயிற்று. அங்கிருந்து கல் வெட்டுபவர், இந்தப் பிழை தெரிந்தே கேட்கப்படுகிறதா என்று விசாரித்துப் பாய்க்கு எழுதியிருந்தார். தெரிந்தே என்று பதில் போட்டோம். மார்கழியில் கல் வந்தது. நிறத்தில்கூடப் பாய் கவனமாக, பழையதைப் போலவே லேசாக டீ சொட்டு விழுந்த தண்ணீர் மாதிரி ஒரு கல்லைத் தேர்ந்திருந்தார். மதியம் கருவியில் வைத்தேன். என் டிரேசிங் தாளின் கோட்டின் மேல் அதன் நிழல் அப்படியே உட்கார்ந்தது. அந்தச் செங்குத்து, அந்தச் சோம்பல், அந்த ஒதுங்கிய நுனி. ஒரு மனிதன் என்றைக்கோ பெல்ஜியத்தில் கை தவறிச் செய்ததை, இன்னொரு மனிதன் சூரத்தில் கை தவறாமல் செய்திருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் மூன்று நாள் வைத்தோம். பால் திரியவில்லை, ஸ்கூட்டர் ஓடியது, யானை வரவில்லை, லாட்டரியும் விழவில்லை.

"மூணு நாளா ஒண்ணுமே நடக்கல" என்றாள் மனைவி பரவசத்தோடு. "இந்த வூட்டுல இதுக்கு மேல என்னங்க ராசி வேணும்?"

நாங்கள் வாங்க நினைத்திருந்த ஃப்ரிஜ், இப்படியாக, என் மனைவியின் இடது காதில் வந்து உட்கார்ந்தது. கடைவீதி ஆசாரி இரண்டு கல்லையும் புது நகம் வைத்து இறுக்கிக் கொடுத்தார். பாயைக் கூப்பிட்டு, எது பழையது எது புதியது சொல்லுங்கள் என்றேன். வெறும் கண்ணால் அவரால் சொல்ல முடியவில்லை. லென்ஸ் வைத்து, விளிம்பில் தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அன்று மனதுக்குள் ஒரு பச்சை அட்டை கட்டினேன். என் பதினைந்து வருஷத் தொழிலில் அதைவிடச் சுத்தமாக ஒரு ஜோடி தேறியதில்லை.

தை பிறந்து பால் காய்ச்சும் நாளில் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினோம். சூளகிரி வருவதற்குள் மனைவி ஏழு முறை காதைத் தொட்டுப் பார்த்தாள். எட்டாவது முறை தொட்டபோது, கல் விழாது, ஆசாரி நன்றாக இறுக்கியிருக்கிறார் என்றேன்.

"கல்லு வுழும்னு பயமில்லைங்க" என்றாள். "அம்மா கண்ணு வுழும்னுதான்."

புது வீட்டில் ஹோமப் புகை இன்னும் அடங்கவில்லை. வாசல்படியில் கால் வைத்ததும் அண்ணி வந்தார். நேராகக் காதைத்தான் பார்த்தார்.

"என்னடி இது, தோடு இன்னிக்கி இந்த மின்னு மின்னுது?"

"அவரு ஃபேக்டரி மெஷின்ல கழுவிக் குடுத்தாருக்கா."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் மனைவி எதையும் தொலைக்காதவள். சொல்லையும் அளந்துதான் செலவழிப்பாள்.

"மெஷின்லயா? அம்மா, இங்க வந்து பாரு, தங்கச்சி தோட்டை!"

மாமியார் வந்தார். மகளின் தாடையை ஒரு விரலால் நிமிர்த்தி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வலது காதைப் பார்த்தார். பிறகு இடது காது. பிறகு மறுபடி வலது. நான் யாரோ நீட்டிய கேசரியை வாயில் வைத்திருந்தேன். விழுங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாமியார் மீண்டும் ஒரு முறை இடது காதைப் பார்த்துவிட்டு, தாடையிலிருந்து விரலை எடுத்தார்.

"நல்லாத்தான் கழுவியிருக்காரு" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கேசரியை விழுங்கினேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று ஒரு அரை மணி நேரம் நம்பினேன். பிறகு சமையல் நடக்கும் பின்கட்டிலிருந்து அழைப்பு வந்தது.

"மாப்பிள்ளை, இப்படி வாங்க."

சாம்பார் அண்டாவுக்கு அப்பால், யாரும் இல்லாத மூலையில் மாமியார் நின்றிருந்தார். குரலில் கோபம் இல்லை. நான் தேறாத உருப்படிகளைத் திருப்பி அனுப்பும்போது பேசும் குரல் எனக்குத் தெரியும்; ஏறக்குறைய அதுதான்.

"வலது காதுக் கல்லுக்கு நடுப்பொட்டு நடுவுல இருக்காதுங்க, கொஞ்சம் தள்ளி நிக்கும். இடது காதுக் கல்லுக்கு நட்டநடுவுல நிக்கும். நாப்பது வருசமா அதைப் பாத்துத்தான் எந்தக் காதுக்கு எதுன்னு போட்டுக்குவேன்."

"அப்படீங்களா அத்தை."

"இப்ப ரெண்டுமே வலது காதுதானுங்க மாப்பிள்ளை."

எனக்குச் சட்டென்று அந்த வரைபடத்தின் மூலைக்கட்டம் நினைவுக்கு வந்தது. இதே போல். தொலைந்தது எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. பத்து வருஷம் காதில் போட்டிருந்தாலும் தன் காதைத் தானே யார் பார்க்கிறார்கள்? முந்தின வருஷம்தான், ஒரு காருக்கு இரண்டு வலது கதவு அனுப்பிய கதை ஒன்றைச் சொல்லி, புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன். அனைவரும் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். கை தவறிய கோணல் ஒன்று எங்கள் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது. நான் செலவு செய்து இரண்டாவது கோணலைச் செய்வித்திருக்கிறேன்.

மறைக்க ஒன்றும் இல்லை. அல்ட்ராசோனிக்கில் தொடங்கி ஈர்க்குச்சி, டீ வடிகட்டி, யானை, சூரத் வரை ஒன்று விடாமல் சொன்னேன். மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டார். யானை வந்த இடத்தில் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆகக் கல்லைத் தொலைச்சது நீங்க."

"ஆமாங்க."

"அவ இல்லீங்களே?"

"அவ தொடவே இல்லீங்க. பூந்திக்கொட்டையே போதும்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தில் வந்தது நிம்மதி என்று நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று.

"அப்பச் சரிங்க. இவ தொலைக்க மாட்டான்னு நாலு பேரு முன்னாடி சொல்லியிருந்தேன். அது பொய்யாகல."

"என் மேலதாங்க தப்பு அத்தை. உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"அதனால என்னங்க? உங்களைப் பத்தி நான் அப்படி எதுவும் சொல்லலீங்களே."

இதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் என் தரத்தைப் பற்றி வந்த மதிப்பீடுகளில் இதைவிடத் துல்லியமானது எதுவும் இல்லை.

போகத் திரும்பியவர் நின்றார். "பெரியவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். கொலுசைப் போட்டியே, கொலுசைப் போட்டியேன்னு இருவது வருசமா அவளைப் பேசிட்டேன். இது தெரிஞ்சா, அவ என்னைத் திருப்பிப் பேச ஆரம்பிச்சிருவா."

சொல்லி முடிக்கவும் அண்ணி அங்கே வரவும் சரியாக இருந்தது. கையில் ஒரு சின்ன டிபன் டப்பா. திறந்து காட்டினார். ஏழுகல் தோடு ஒரு ஜோடி. மொத்தம் பதினான்கு வைரம், ஒவ்வொன்றும் தேய்ந்த நகங்களுக்கு நடுவில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அம்மாவே நல்லாக் கழுவியிருக்காருன்னு சொல்லிட்டாங்க. என்னுதையும் அந்த மெஷின்ல போட்டுக் குடுங்க. ஒரு வாரம் கழிச்சிக் குடுத்தாக்கூடப் போதும்."

நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் சாம்பார் அண்டாவைப் பார்த்தார். பின்கட்டு வாசலில் வந்து நின்றிருந்த மனைவி கூரையைப் பார்த்தாள்.

"மெஷின் ரிப்பேருங்க அண்ணி."

"அடடே. எப்போ சரியாவும்?"

"ஒரு பார்ட்டு ஜெர்மனியில இருந்து வரணும்."

"நேத்து வரைக்கும் ஓடுச்சே, உங்க வூட்டுத் தோட்டைக் கழுவலே?"

"அதைக் கழுவினதுலதாங்க ரிப்பேரு" என்றேன். அதிலும் ஒரு எழுத்து பொய் இல்லை.

நான் அந்தத் தொழிற்சாலையை விட்டு வந்து சில வருஷமாகிறது. அந்தத் தொட்டியையும் அவர்கள் மாற்றிவிட்டதாகக் கேள்வி. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் கிருஷ்ணகிரிக்குப் போனால், அண்ணி காபியை நீட்டிக்கொண்டே கேட்பார்: "அந்த ஜெர்மனி பார்ட்டு வந்துச்சா தம்பி?"

"இன்னும் வரலீங்க அண்ணி."

என் மனைவி இரண்டு வலது காதுகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வரும்.

"பூந்திக்கொட்டைதான் ஒரு மூட்டை கிடக்குதே, அதுல கழுவுடி! ஜெர்மனிக்காரனுக்கு வேற வேலை இல்லியா?"